மூன்று ஏக்கர் அப்பா

மே 4, சனி

செங்கல்பட்டு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. வேலை இல்லையாம். கடைசி வரியில், "உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். கையில் வைத்திருந்ததைக் கொடுக்காதவன் வாழ்த்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கிறான்.

நேர்முகத்தன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வெல்டிங்கில் கேட்டார்கள், சொன்னேன். ஹைட்ராலிக்ஸில் கேட்டார்கள், அதையும் சொன்னேன். பிறகு நடுவில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்பா என்ன பண்றார்?" என்றார். திண்டிவனத்தில் சலூன் வைத்திருக்கிறார் என்றேன். அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவி, "அப்ப எனக்கு உங்கப்பாவால பிரயோஜனம் இல்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு இயந்திரவியலில் ஒரு கேள்வியும் வரவில்லை.

அது அப்பாவைப் பற்றிய கேள்வியே இல்லை. சாதியை நேராகக் கேட்கத் துணிச்சல் இல்லாதவன் சுற்றிவளைத்து வந்து கேட்கிற கேள்வி.

அம்மா ரேஷன் கடைக்கு அனுப்பினாள். பாமாயில் இல்லை.

மே 6, திங்கள்

நேர்முகப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பேக்கரிக்கு மேல் மாடி. இருபது பேர் இருக்கிறோம். கீழே பன் வேகும் வாசனையில் எல்லோருக்கும் பசிக்கிறது. பயிற்சியாளர் ஹரிஹரசுதன் சார் இந்த வெயிலிலும் கோட் போட்டிருக்கிறார். இருக்கிற ஒரே மின்விசிறி அவர் தலைக்கு மேல் சுற்றுகிறது.

எல்லா கம்பெனியிலும் கேட்கிற பொதுவான கேள்விகளுக்கு மனப்பாடமாகப் பதில் தருவார். அவர் பேசுவது ஆங்கிலம். நான் தமிழில்தான் எழுதுவேன், எனக்கு அந்த ஆங்கிலத்தின் மேல் கோபம்.

"உன் பலவீனம் என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"சீக்கிரம் கோபம் வரும் சார்."

"அது பலவீனம் இல்ல தம்பி, அது உண்மை. உண்மையெல்லாம் அங்க போய்ச் சொல்லாத. வேலைல எறங்கிட்டா சாப்பிட மறந்துடுவேன்னு சொல்லு."

இருபது பேரும் ஒரே குரலில், வேலையில் இறங்கிவிட்டால் சாப்பிட மறந்துவிடுவோம் என்றோம். கீழே இன்னொரு தட்டு பன் வெந்து வந்தது.

மே 8, புதன்

"ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருந்த ஷாகுல், "வீட்லதான் சார்" என்றான். அவன் அப்பா மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கிறார். அவனும் என்னைப் போல மெக்கானிக்கல்தான். முன் வரிசையில் இருக்கும் ஜெயசீலி சிரித்து வெளியே அனுப்பப்பட்டாள். பத்து நிமிடம் கழித்து தேங்காய் பன் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இன்றைக்கு வகுப்பில் லாபம் அடைந்தது அவள் மட்டும்தான்.

மே 10, வெள்ளி

இன்று சார் எல்லோருக்கும் அப்பா கொடுத்தார்.

"குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதில்தான் நம்ம பசங்க கோட்டை விடுறாங்க" என்று ஆரம்பித்தார். "அப்பா வாத்தியார்னா, இவனுக்குப் பணம் இருக்கு, பாதியில ஓடிருவான்னு நெனப்பான். கடைன்னா, இவன் நாளைக்கே கடையப் பாக்கப் போயிடுவான்னு நெனப்பான். விவசாயின்னு சொல்லிப்பாரு. மேற்கொண்டு ஒரு கேள்வி வராது. கண்ணு கலங்கிடும்."

வரிசையாக எழுப்பி அப்பாவின் தொழிலைக் கேட்டார். கேட்டதை அடித்துவிட்டு விவசாயி என்று போட்டார். கறிக்கடை போனது, ஆட்டோ போனது, மின்வாரியம்கூடப் போனது. ஜெயசீலி எழுந்து, அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அம்மா பனியன் கம்பெனியில் தைக்கிறார் என்றாள். அவளுக்கும் விவசாயி கிடைத்தார்.

என் முறை வந்தது. "சொந்தத் தொழில் சார்" என்றேன்.

"என்ன தொழில்?"

"சலூன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மற்றவர்களிடம் இல்லாத ஒரு கனிவு அவர் குரலில் வந்தது. "உனக்குத்தாம்பா விவசாயி ரொம்ப முக்கியம்."

அந்தக் கனிவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோருக்கும் ஒரே பதில். மூன்று ஏக்கர். போர்வெல் நானூறு அடியில் வற்றிவிட்டது. ஆனாலும் நெல் பயிரிட்டு என்னைப் படிக்க வைத்தார். "என் அப்பாவின் வெடித்த கைகளைப் பார்க்கும்போதெல்லாம்" என்ற இடத்தில் குரல் உடைய வேண்டும்.

படியில் இறங்கும்போது ஜெயசீலி சொன்னாள்: "எனக்கு ஒருவழியா அப்பா கெடச்சிட்டாரு மாறா. அதுவும் நெலத்தோட."

மே 13, திங்கள்

வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று அப்பா கேட்டார். பொதுவான கேள்விகள் என்றேன்.

மே 15, புதன்

ஒரு தவறு நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பையன்களும் ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சார் சொன்னார். ஷாகுல், "மாறன் அப்பா கடை இருக்கே" என்று எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு அஜந்தா சலூனுக்குப் போய்விட்டான். தடுக்க நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே இடம் இல்லை.

காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒப்பித்துப் பார்த்தார்கள். பெஞ்சில் ஒருவன் மூன்று ஏக்கர் என்றான். அடுத்தவன் நானூறு அடி என்றான். நாற்காலியில் இருந்த ஷாகுல், போர்த்திய துணிக்குள்ளிருந்து வெடித்த கைகளைப் பற்றிச் சொல்லிக் குரலை உடைத்தான்.

அப்பாவின் கத்தரி நிற்கவில்லை. "ஏம்பா, உங்கப்பாரு மார்க்கெட்ல கறிதான வெட்டுறாரு?"

"இன்டர்வியூக்கு மட்டும் விவசாயி மாமா."

"ஓகோ. இவங்க எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அப்பா கண்ணாடியில் வாசலைப் பார்த்தார். நான் எதிரே இருந்த செருப்புக் கடையைப் பார்த்தேன்.

"மூணு ஏக்கருன்னா நல்ல நெலந்தான்" என்று ஷாகுலின் காதை மடக்கி மிச்ச முடியை வெட்டினார்.

இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "கடைக்கு வந்தியாமே. காலேஜ் சேந்ததுலேர்ந்து அந்தப் பக்கமே வராதவன்." வெயில் காரணம் என்றேன்.

மே 17, வெள்ளி

காலையில் பல் விளக்கிக்கொண்டே அப்பா கேட்டார்: "மாறா, நம்ம நெலத்துல இப்ப என்ன போட்டிருக்கோம்?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். "நெல்" என்றேன்.

"நான் எத்தினி மணிக்கு எந்திரிச்சுப் போவேன்?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா."

"கேட்டா? தெரியலன்னா நிப்ப?"

முகத்தில் கிண்டல் இல்லை.

மே 19, ஞாயிறு

அப்பா தன் வாடிக்கையாளர்களிடம் பாடம் கேட்டு வருகிறார். ஒலக்கூரிலிருந்து சவரத்துக்கு வருகிற ஒருவரிடம் நாற்று, களை, உரம் எல்லாம் விசாரித்திருக்கிறார். மாடு இல்லாமல் விவசாயம் எடுபடாது என்பது அவர் கட்சி. "ஒரு மாட்டுக்குப் பேரு வை" என்றார். நான் வைக்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து, "பேபி" என்றாள்.

மே 21, செவ்வாய்

வீட்டில் சண்டை. தண்ணீர் இல்லாத நிலத்தில் நெல் வைக்கக் கூடாது, மல்லாட்டை போட வேண்டும் என்கிறாள் அம்மா. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. சார் கொடுத்தது நெல், மாற்றினால் பையனுக்கு வேலை போகும் என்கிறார் அப்பா.

"அப்ப கெழக்கால ஒரு ஏக்கர எந்தம்பிக்குக் குத்தகைக்கு உடு. அவன் போட்டுக்கட்டும்."

"உந்தம்பியா? அவன் வரப்ப வெட்டி வெட்டி என் நெலத்த சுருக்கிருவான்."

அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இல்லாத நிலத்துக்காக என் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை.

மே 23, வியாழன்

இன்னும் பேசவில்லை.

மே 24, வெள்ளி

செஞ்சியிலிருந்து சித்தப்பா வந்தார். கடை வாடிக்கையாளர் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நெலம் வாங்கினியாமே அண்ணா. கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்று வாசலிலேயே கண் கலங்கினார். நிலமே இல்லை என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். அதனால் அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள். சித்தப்பா நம்பவில்லை. காபி குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இந்த ஊரில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அறுவடை முடிந்தால் களத்துமேட்டில் போய் நின்று, வருஷமெல்லாம் ஊருக்குச் சவரம் செய்ததற்கு நெல் வாங்கி வந்தவர் என் தாத்தா. இப்போது எங்களுக்கு நிலம் வந்திருக்கிறது, பங்குக்கு ஆளும் வந்திருக்கிறது.

மே 28, செவ்வாய்

அப்பா தன் கைகளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் நுரையிலும் தண்ணீரிலும் இருக்கிற கைகள். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும்.

"வெடிப்பு இல்லியேடா."

"உன் கைய யாரும் பாக்கப் போறதில்லப்பா."

"அதுவும் சரிதான்" என்று கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

மோட்டார் ரிப்பேர். கீழேயிருந்து தண்ணீர் சுமந்தேன்.

ஜூன் 3, திங்கள்

ஒரு கம்பெனி சனிக்கிழமை திண்டிவனத்துக்கே வருகிறதாம். எங்கள் மையத்தில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டு நேர்முகம் நடத்துவார்கள். சர்வீஸ் இன்ஜினியர் வேலை. சார் கோட்டைக் கழற்றிவிட்டு நடனம் ஆடாத குறை.

என்ன கம்பெனி என்று ஜெயசீலி கேட்டாள்.

டிராக்டர், பவர் டில்லர் விற்கிற கம்பெனி.

ஷாகுல் கையைத் தூக்கினான். "சார், அவங்களுக்கு விவசாயம் தெரிஞ்சிருக்குமே."

"ரொம்ப நல்லதுதானே" என்றார் சார். "இன்னும் அதிகமாக் கண் கலங்குவாங்க."

ஜூன் 8, சனி

வரிசையாக எழுதுகிறேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

பேக்கரி மாடியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்த மனிதவள அதிகாரி அம்மா ஒருவர். இன்னொருவர் மண்டல மேலாளர் சௌந்தரபாண்டியன், வயலும் டிராக்டருமாகக் கறுத்த ஆள். நாங்கள் படிக்கட்டில் காத்திருந்தோம்.

முதலில் போனவன் கலங்கி வெளியே வந்தான். "தண்ணி இல்லாம எப்படிப்பா நெல்லுன்னு கேக்குறாரு."

இரண்டாவது ஷாகுல். உங்கள் ஊரில் அறுவடை எப்போது என்று கேட்டார்களாம். வாய் தவறி, "ஞாயித்துக்கெழம சார்" என்று சொல்லியிருக்கிறான். "கறி அன்னிக்குத்தானடா போவும். பழக்கம்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

ஜெயசீலி போனபோது உள்ளே சத்தம் கேட்டது. "உங்கப்பாவுக்கும் நானூறு அடியாம்மா? ஊர்ல ஒரே போர்தான் போட்டிருக்கீங்களா?"

நான் ஒன்பதாவது. உள்ளே போய் உட்கார்ந்தேன். ஹைட்ராலிக்ஸில் கேட்டார்கள், சொன்னேன். கியர் பெட்டியில் கேட்டார்கள், படம் போட்டே காட்டினேன். மேலாளர் முகம் கொஞ்சம் தெளிந்தது. குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா கேட்டார். வாயைத் திறந்தேன்.

மேலாளர் உள்ளங்கையைக் காட்டினார். "ஒரு நிமிஷம். மூணு ஏக்கர்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

நான் வீரம் காட்டவில்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். விவசாயி தீர்ந்துவிட்டார். கையில் மீதி இருந்தது என் அப்பா மட்டும்தான்.

"சலூன் சார். அஜந்தா சலூன். அப்பா முடி வெட்டுறாரு."

இரண்டு பேரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். "இது யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மேலாளர். "நல்லா இருக்கு. வித்தியாசமா இருக்கு."

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். நெஜம்."

"எட்டுப் பேரும் நெஜம்னுதான் சொன்னாங்க. உங்கப்பாவுக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டேன். மேலாளரே பேசினார். கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

அந்தப் பக்கம் ஒரு நொடி கத்தரி ஓடியது. பிறகு நின்றது.

"விவசாயங்க" என்றார் அப்பா. "மூணு ஏக்கருங்க. நெல்லு. போரு நானூறு அடியில காஞ்சிபோச்சுங்க. இருந்தாலும் உடலிங்க. விடியக்காலம் நாலு மணிக்கே போயிடுவேன். மாடு ஒண்ணு இருக்குதுங்க, பேபி. புள்ளைய அதுலதாங்க படிக்க வெச்சேன். கையெல்லாம் வெடிச்சுப் போச்சு, பாத்தா புள்ள அழுவாங்க."

குரல் நடுங்கவில்லை. அந்த மாடியில் எங்கள் யாரையும்விட நன்றாகத் தயாராகியிருந்தார்.

பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "யோவ் கன்னியப்பா, பாதிக் கிருதாவோட உட்டுட்டு யார்கிட்டய்யா பேசுற? எப்பய்யா நெலம் வாங்கின?"

"கொஞ்சம் சும்மா இருங்க" என்று அப்பா ரகசியமாகச் சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

அந்த அம்மா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரிங்கய்யா, வெள்ளாமை நல்லா வரட்டும்" என்று சொல்லி வைத்தார். சார் சொன்னபடி கண் கலங்கியது உண்மைதான்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரியா சொன்னனா?"

"சரியாத்தான் சொன்ன."

"உள்ள ஒருத்தன் குறுக்க பேசிட்டான். கேட்டிருக்குமா?"

"கேக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். சலூன் என்று நான் முன்பே சொன்னதைச் சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. பத்துப் பேரில் எனக்கு மட்டும்.

மேலாளர் போனில் பேசினார். படிப்பு நன்றாக இருக்கிறது என்றார், அப்பா தங்கமான மனிதர் என்றார். பிறகு குரலைத் தணித்தார். "ஒரே ஒரு விஷயம் தம்பி. உங்க வேலை கிராமத்துல. வீட்டுக்குள்ள போகணும், உக்காரணும். யாரு வீட்டுப் பையன்னு கேப்பாங்க. விவசாயக் குடும்பம்னு சொல்லிக்குங்க. நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல. கஸ்டமர் பாப்பான்."

உண்மையைச் சொன்னதற்காக வேலை கொடுக்கிறார்கள். வேலையில் முதல் விதி, அந்த உண்மையைச் சொல்லக் கூடாது.

"சரி சார்" என்றேன். சரி என்றுதான் சொன்னேன்.

அப்பா தெரு முழுக்க மிக்சர் பொட்டலம் கொடுத்தார். "நான் ஒரு போன்தாம்பா பேசினேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். நான் திருத்தவில்லை.

ஷாகுல் வந்து கட்டிப்பிடித்தான். ஜெயசீலி போனில், "எங்க விவசாயி அப்பாவ விக்கப் போறேன், வேணும்னா நீ வாங்கிக்க" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

எனக்குக் கொடுத்திருக்கும் பகுதி: திண்டிவனம், மயிலம், ஒலக்கூர்.

அந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் சவரம் செய்துகொள்வது அஜந்தா சலூனில்.

ஜூன் 14, வெள்ளி

அப்பாவிடம் ஒரு விஷயம் பேசக் கடைக்குப் போனேன். கொஞ்ச நாளைக்கு வாடிக்கையாளர்களிடம் என்னைப் பற்றி அதிகம் பேச வேண்டாம் என்பது போல ஏதோ ஒன்று. வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். பொறுமையாக ஆரம்பித்து, வெயிலைப் பற்றிப் பேசி, பிறகு நைசாக.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள். நாற்காலியில் நுரை பூசிய முகத்தோடு ஒலக்கூர்க்காரர். வாசலில் என்னைப் பார்த்ததும் அப்பா கத்தியை உயர்த்தி, "சொல்லிக்கிட்டே இருந்தேன், வந்துட்டான் பாருங்க. டிராக்டர் கம்பெனி இன்ஜினியர்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கத்தியைத் தாழ்த்தி, "தெரிஞ்ச பையன்" என்றார்.

தெரிஞ்ச பையன். அதையும் தானாகவே பயிற்சி செய்து வைத்திருக்கிறார்.

நான் உள்ளே போனேன். காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து மேலாளருக்கு போன் போட்டேன்.

"சார், திருமாறன் பேசறேன். விவசாயக் குடும்பம்னு என்னால சொல்ல முடியாது சார். உங்ககிட்ட நான் அன்னிக்கே சொன்னதுதான். எங்கப்பா சலூன்காரரு. இப்ப எங்க கடையிலதான் உக்காந்திருக்கேன். ஒலக்கூர்லேர்ந்து ஒருத்தரு சேவிங் பண்ணிக்கிட்டு இருக்காரு. நான் என்ன சொன்னாலும் இவங்களுக்குத் தெரியும். அதுக்காக வேலை இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"ஒலக்கூர்லேர்ந்தா?" என்றார் மேலாளர். "மயிலம் ஆளுங்களும் வருவாங்களா?"

"வருவாங்க சார்."

"எல்லாம் நெலம் வெச்சிருக்கவங்களா?"

"பாதிப் பேரு சார்."

"அட, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி. கடையில ஒரு போஸ்டர் ஒட்டலாமா? அப்பாகிட்ட கேளுங்க. அந்த விவசாயி சமாச்சாரத்த மறந்துடுங்க. சலூன்னே சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க."

என் அப்பாவின் தொழிலில் இருந்த குறை, அரை நிமிடத்தில் விற்பனை வாய்ப்பு ஆகிவிட்டது. இவர்களை அடிக்கவும் முடியவில்லை.

போனை வைத்தேன். அப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"அன்னிக்கே சொல்லிட்டியா?"

"நீ போன்ல பேசறதுக்கு முன்னாடியே."

"சலூன்னா?"

"ஆமாம்ப்பா. பேரோட."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குடா என்னைய மாட்டுப் பேரெல்லாம் சொல்ல உட்ட?"

ஒலக்கூர்க்காரர் சிரித்ததில் நுரை பறந்தது. "ஆடாதீங்க, கத்தி" என்று அப்பா அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினார். அப்பாவின் கண் சிவந்திருந்தது. நுரை பட்டிருக்கும்.

ஜூன் 19, புதன்

முதல் வாரம். இரண்டு டில்லர் பழுது பார்த்தேன். மயிலத்தில் ஒரு வீட்டில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள், சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தேன். கோபத்தோடு நட்டை முறுக்கினால் நன்றாக இறுகுகிறது.

மாலையில் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெரிய போஸ்டர். தலையில் பச்சைத் துண்டு கட்டிய விவசாயி ஒருவர் டிராக்டர் மேல் கை வைத்து, பல் தெரியச் சிரிக்கிறார். கண்ணாடியை மறைக்கக் கூடாது என்று சொல்லி, காலண்டர் இருந்த சுவரை அப்பா காலி செய்து கொடுத்தார். நான் மூலைகளில் பசை தடவினேன். அவர் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, அந்த விவசாயியின் மீசையையும் கிருதாவையும் வெகுநேரம் பார்த்தார்.

"பாவம்டா" என்றார். "யாரோ ஒரு சலூன்காரன் மவன்."